வாயால் சொல்ல வேண்டிய பெயர்

நான் ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்து முற்றத்தில் பந்தல் போட்டார்கள். ரோஜா மாலை, சந்தன மாலை, ஒரு சுவர்க் கடிகாரம். முப்பத்தெட்டு வருஷம் மணி பார்த்தே வாழ்ந்தவளுக்குக் கடிகாரம் கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. கடைசியாகப் பேசியவர் எனக்கு அடுத்துத் தலைமைப் பொறுப்பேற்கப் போகிற ஆசிரியர். நல்ல குரல் அவருக்கு. "கணவரின் பெயரை வாயால் உச்சரிக்க மறுத்து, தேடி வந்த தலைமைப் பதவியையே உதறித் தள்ளிய உத்தமி நம் அம்மையார்" என்றார். கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேடி வந்ததாம், நான் உதறினேனாம். நான் எதையும் உதறவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று கெஞ்சாத குறையாகப் போய் நின்றவள் நான். கிடைக்கவில்லை. அந்தத் தடவை கிடைக்காததைத் தியாகம் என்று மாற்றி ஊர் தனக்கு ஒரு கதை செய்துகொண்டது. அந்தக் கதைக்குப் பின்பாதி ஒன்று உண்டு. அது தெரிந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். மூன்று பேர் செத்துப் போனார்கள், ஒருவர் செருப்பைப் பார்க்கிறார். மிச்சம் இருப்பது நான்தான், ஆகவே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது கமுதிப் பக்கம், கரிசல் காடு. சுதந்திரம் வந்த மறுவருஷம் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். அதே வருஷம் கல்யாணம். வாலிநோக்கத்துக்கும் மாரியூருக்கும் நடுவே கடலோரத்தில் ஒரு ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். ஊருக்குத் தெற்கே கடல், மேற்கே உப்பளம். உப்பளத்து முதலாளிதான் பள்ளிக்கூடத்துக்கும் மேனேஜர். சர்க்கார் உதவி பெறும் பள்ளி அது. சம்பளத்தைச் சர்க்கார் கொடுக்கும், ஆளைப் போடுவதும் எடுப்பதும் மேனேஜர். என் வீட்டுக்காரர் அந்த உப்பளத்து ஆபீசில் ரைட்டர். கடிதம், உத்தரவு, நோட்டீஸ் எல்லாம் எழுதுவது அவர் வேலை. ஆக, வீட்டில் இரண்டு பேர் பிழைப்பும் ஒரே ஆளின் கையில் இருந்தது. இதன் அர்த்தத்தை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற வயசா அது, இருபது.

நான் சேர்ந்தபோது பள்ளியில் பெண் பிள்ளைகள் ஒன்பது பேர். மீனவர் குடியிருப்பிலிருந்து ஒன்றுகூட இல்லை. முஸ்லிம் தெருவிலிருந்து மூன்று, அதுவும் ஏழு வயதோடு நின்றுவிடும். நான் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தாய் கேட்டாள், "ஆம்பளை வாத்தியாருக இருக்குற எடத்துக்குப் பொம்பளைப் புள்ளைய எப்புடி அனுப்புறது டீச்சரம்மா? நீங்க கூடவே இருப்பீகளா?" இருப்பேன் என்று சொன்னேன், இருந்தேன். மத்தியானம் நானே அந்தப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போய், ஒவ்வொரு வாசலிலும் விட்டுவிட்டு வருவேன். கரைவலை இழுக்கிற நாளில் மீனவப் பிள்ளைகள் கடற்கரையில்தான் இருப்பார்கள், பங்கு மீன் கிடைக்கும். அதனால் அந்த நாட்களில் வலை கரை ஏறிய பிறகுதான் வருகைப் பதிவு எடுத்தேன். எட்டு வருஷத்தில் பெண் பிள்ளைகள் உட்கார இடமில்லாமல் பாய் வாங்க வேண்டி வந்தது. இன்ஸ்பெக்டர் பார்வைக் குறிப்பேட்டில் என்னைப் பற்றி நாலு வரி எழுதினார். அந்த நாலு வரியை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

எட்டாவது வருஷம் பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். சர்வீஸ்படி அடுத்தது நான்தான். எனக்கு அடுத்தவர் முதலாளியின் தங்கை மருமகன். சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது, அவ்வளவுதான். என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. வந்தது என்ன, என் வீட்டுக்காரரே சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, தபால்காரர் மாதிரி வாசலில் நின்று, "டீச்சரம்மா இருக்காகளா? ஆபீஸ் கடுதாசி" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிரித்தேன். அவர் எழுத்துத்தான். அவர் எழுத்து அழகாக இருக்கும், 'ழ'வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்துவிடுவார். அந்த வாரம் ஊதா மைத்தூளில் கிணற்றுத் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டார் போலிருக்கிறது, எழுத்து வெளிறி, ஓரமெல்லாம் கசிந்திருந்தது. 'தாங்கள் நேர்முகத்துக்கு வரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்று எனக்கு அவர் எழுதியிருந்தார். "தாங்கள்னு போட்டுருக்கேன் பாரு" என்றார். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால், ரேஷன் கடையில் கேட்டால், பக்கத்தில் நிற்கிற யாராவது நமக்காகச் சொல்லிவிடுவார்கள். நாமும் அவர்களுக்காக அவர்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லுவோம். எழுதலாம், அதற்குத் தடை இல்லை. என் வகுப்பில் ஒருவனுக்கு என் வீட்டுக்காரர் பெயர். வருகைப் பதிவு எடுக்கும்போது எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அவன் முறை வரும்போது மட்டும் 'பன்னிரண்டு' என்பேன். அவனும் 'உள்ளேன் டீச்சர்' என்பான். ஒரு பிள்ளைகூட ஏன் என்று கேட்டதில்லை, அவர்கள் அம்மாக்களும் அப்படித்தான்.

இன்டர்வியூ ஒரு வெள்ளிக்கிழமை, உப்பளத்து ஆபீசில். முன்கூடத்தில் ஒரு நீள மேஜை, அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் முதலாளி. ஒரு பக்கம் ஏர்வாடிப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஹாஜியார், மறுபக்கம் சாயல்குடிப் பக்கத்து நிலக்காரர் ஒருவர். மூன்று பேரும் பள்ளிக் கமிட்டி. கூடத்துக்கு அடுத்த அறையில்தான் ரைட்டர்கள் உட்காருவார்கள். கதவு பாதி சாத்தியிருந்தது. மற்ற இரண்டு ரைட்டர்களும் உப்பு ஏற்றுகிற இடத்துக்குப் போயிருந்தார்கள். உள்ளே என் வீட்டுக்காரர் மட்டும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தடி இருக்கும். அவர் கட்டைப்பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அது எனக்குத் தைரியமாக இருந்தது.

கேள்விகள் கேட்டார்கள். பதிவேடுகள் எத்தனை, எதற்கு எது என்று கேட்டார்கள், சொன்னேன். பெரிய பிள்ளைகள் மழைக்காலத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார்கள், செய்ததையே சொன்னேன். ஒரு கணக்கு போட்டுக் காட்டச் சொன்னார்கள், மனசிலேயே போட்டேன். ஹாஜியார் தலையை ஆட்டினார். "எங்க தெருப் புள்ளைக இவுகளாலதான் படிக்குது" என்று முதலாளியிடம் சொன்னார். வேலை எனக்குத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் முதலாளி கேட்டார்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நம்ம ஆபீஸ்லதான் இருக்காக அய்யா."

"எங்க இருக்காகன்னு கேக்கல. பேரக் கேட்டேன்."

"விண்ணப்பத்துல எழுதியிருக்கேன் அய்யா."

"வாசிக்க எனக்கும் தெரியும். வாயால சொல்லுங்க."

ஹாஜியார் குறுக்கே வந்தார். "விடுங்க முதலாளி. நம்ம வீட்டுப் பொம்பளைக மட்டும் சொல்லிருவாகளா?"

"நம்ம வீட்டுப் பொம்பளைக ஹெட்மாஸ்டர் வேலைக்கு வரலையே ஹாஜியாரே" என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருவாரு, தாசில்தார் வருவாரு. நாலு ஆம்பளைக முன்னாடி பேசணும். அங்கனயும் இப்புடித்தான் சேலைத் தலைப்பத் திருகிக்கிட்டு நிப்பீகளா?"

நான் குனிந்து பார்த்தேன். நிஜமாகவே தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அடுத்த அறையில் பேனாச் சத்தம் நின்றிருந்தது. யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவார்கள் என்றேன் அல்லவா, அங்கே பக்கத்தில் இருந்தது பெயருக்குச் சொந்தக்காரரே. கதவைத் தள்ளித் தலையை நீட்டி, "அய்யா, நான்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் காத்திருந்தேன். ஒரு செருமல் கேட்டது. பிறகு பேனா மறுபடியும் உரச ஆரம்பித்தது.

முயற்சி செய்தேன். முதல் எழுத்து பல் வரைக்கும் வந்தது. ஆயுசு குறையும் என்ற பயம் இல்லை அது. படித்தவள், அதை நான் நம்பவில்லை. நான் சொன்னால் அவர் காதில் விழுமே, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவளாக அந்தக் கட்டடத்தில் ஆகிவிடுவேனே என்ற பயம். வாயை மூடிக்கொண்டேன். நிலக்காரர் சிரித்தபடி, "பத்தினிய ரொம்பச் சோதிக்காதீக" என்றார். முதலாளி, "சரி, போகலாம்மா" என்றார்.

அடுத்த வாரம் தங்கை மருமகன் தலைமையாசிரியர் ஆனார். முதல் நாள் எனக்கு ஒரு பொட்டலம் அல்வா கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், என்மேல் இரக்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் நடந்த பேச்சு எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"சொல்லித் தொலைச்சுருக்கலாம்ல" என்றார்.

"நீங்க உள்ள இருந்து சொல்லியிருக்கலாம்ல."

"முதலாளி கேக்குறப்ப நான் எப்புடி ஊடால பேசுறது?"

இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதினேன். எனக்குச் சர்வீஸ் கூட, பார்வைக் குறிப்பேட்டைப் பாருங்கள், இது நியாயமா என்று இரண்டு பக்கம். வீட்டுக்காரரிடம் காட்டினேன். நிதானமாக வாசித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா காரணம்னு என்ன சொல்லுவே? புருஷன் பேரைச் சொல்லல, அதனால வேலை போச்சுன்னா? படிக்கிறவன் சிரிக்க மாட்டானா? தப்பு உம்மேல இருக்கு. அவுகளைக் குறை சொல்லி என்ன ஆகப் போகுது?" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

இது வீட்டுக்குள். வெளியில் அவர் பேசிய பேச்சு வேறு. டீக்கடையில், சவரம் செய்கிற இடத்தில், கல்யாண வீடுகளில், "உத்தியோகம் போனாலும் பேரைச் சொல்லலை எங்க வீட்டுல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் 'கொடுத்து வச்சவரய்யா' என்றார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கதை எனக்கு முன்னால் போய் எல்லா வீட்டிலும் உட்கார்ந்துகொண்டது. பெண்களின் வளைகாப்புக்கு முதல் வளையல் போட என்னைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மருமகளிடம், 'டீச்சரம்மாவப் பாத்துக் கத்துக்க' என்றார்கள். எனக்கு அது பிடித்தும் இருந்தது. மறைப்பானேன், ஏமாந்தவளுக்கு யாராவது ஒரு பாராட்டு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லத் தெம்பு இருக்காது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆறு வருஷம் அப்படிப் போயிற்று. தலைமையாசிரியர் வேலையை நான் பார்த்தேன், தலைமையாசிரியர் நாற்காலியில் தங்கை மருமகன் உட்கார்ந்தார். பதிவேடு, மாதாந்தர அறிக்கை, மதிய உணவுக்கு அரிசி கேட்டுக் கடிதம், எல்லாம் என் கை. கையெழுத்து மட்டும் அவர். "அக்கா, நீங்க பாத்துக்கங்க" என்பார். அவர் வெற்றிலை எச்சிலைத் துப்ப வெளியே போகிற நேரத்தில் நான் மேஜையைத் துடைப்பேன். அப்போதெல்லாம் முதலாளியை நான் திட்டவில்லை. என் நாக்கைத்தான் திட்டினேன். ஒரே ஒரு சொல், சொல்லியிருந்தால் இது என் மேஜை என்று ஆறு வருஷமும் ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதற்கு இரண்டு வருஷம் முந்தி, தங்கை மருமகன் வேலையை விட்டுவிட்டு விருதுநகரில் மாமனாரின் பலசரக்குக் கடைக்குப் போனார். சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார். மறுபடியும் இன்டர்வியூ என்றார்கள். முதலாளி குடும்பத்தில் அந்தச் சமயம் கைவசம் மாப்பிள்ளை யாரும் இல்லை. சர்வீஸில் மூத்தவரையே போட வேண்டும் என்று இன்ஸ்பெக்டரும் எழுதியிருந்தார். வேலை எனக்கு வரும் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே பழகினேன். பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு, வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு, வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொள்வேன். முன்னால் காலி பெஞ்சுகள். பன்னிரண்டு என்று கூப்பிட்ட அந்தப் பையன் படித்துவிட்டுப் போய் வெகு நாளாகியிருந்தது, பழைய பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது. முதல் நாள் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் நாள் ஒரு முனகல். ஒரு வாரத்தில், மற்றப் பிள்ளைகளின் பெயரைச் சொல்வது போல அதையும் சொன்னேன். சொல்லிவிட்டு வாசல் பக்கம் யாராவது கேட்டார்களா என்று எட்டிப் பார்த்தேன். முப்பத்து நாலு வயசுப் பெண் பிள்ளை, திருடியவள் மாதிரி.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம், இன்ஸ்பெக்டர் எழுதிய அந்த நாலு வரியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அலமாரியைத் திறந்தேன். ஆறு வருஷமாகத் தலைமையாசிரியர் தவிர யாரும் திறக்காத அலமாரி. பார்வைக் குறிப்பேடு கீழ்த் தட்டில் இருந்தது. அதன் அடியில் 'நியமனம்' என்று எழுதிய ஒரு மெல்லிய பைல். அதில் இரண்டே காகிதம், ஒரே குண்டூசியில் குத்தியிருந்தது.

மேலே இருந்தது எனக்கு வந்த கடிதத்தின் நகல். தாங்கள் நேர்முகத்துக்கு வரும்படி, அதே கடிதம். அதற்குக் கீழே இருந்தது தங்கை மருமகனுக்குக் கொடுத்த நியமன உத்தரவு. இன்னாரைத் தலைமையாசிரியராக நியமித்திருக்கிறோம், முதலாளி கையெழுத்து. முதலில் நான் தேதியைப் பார்க்கவில்லை. மையைத்தான் பார்த்தேன். இரண்டிலும் ஒரே வெளிறின ஊதா, ஒரே மாதிரி கசிவு. அதற்குப் பிறகுதான் தேதி கண்ணில் பட்டது. இரண்டுக்கும் ஒரே தேதி. என்னை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிக் கடிதம் எழுதிய அதே நாளில், அவரை வேலையில் போட்டு உத்தரவும் எழுதியாகிவிட்டது. இரண்டிலும் 'ழ'வின் வால் அடுத்த வரி வரைக்கும் இழுத்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையை முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்ததாக இன்ஸ்பெக்டருக்குக் காட்ட வேண்டும், அந்த இரண்டாவது ஆள் நான். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லித் தொலைத்துவிட்டேன். ஹாஜியார் வேறு எனக்காகப் பேசிவிட்டார். முதலாளிக்கு, நான் பதில் சொல்லவே முடியாத ஒரு கேள்வி தேவைப்பட்டது. தன் வீட்டுப் பெண்களை நினைத்துப் பார்த்திருப்பார், கிடைத்துவிட்டது. நான் அந்தப் பெயரை ஊரே கேட்கக் கத்தியிருந்தாலும் வேலை கிடைத்திருக்காது. ஆறு வருஷம் என் நாக்கைத் திட்டினேனே, அது ஒரு பாவமும் அறியாதது.

முதலாளியாவது முதலாளி. அவர் எனக்கு யார், என்ன உறவு? கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தபால்காரர் மாதிரி வாசலில் நின்றாரே, அதை நினைத்தேன். எனக்கு முன்னால் சிரித்தபோது அந்த உத்தரவு எழுதிய மை அவர் விரலில் காய்ந்திருக்காது. 'தப்பு உம்மேல இருக்கு' என்று மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்புறம் டீக்கடைக்குப் போய் என் பத்தினித்தனத்தைப் பற்றிப் பேசினார். பயந்த மனுஷன், சோற்றுக்காகச் செய்தார் என்று இப்போது நான் சொல்லலாம். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. இன்றைக்கும் முழு மனசோடு நினைக்கிறேனா என்று கேட்டால், இல்லை.

வீட்டுக்குப் போனேன். சோறு போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டே, "நாளைக்கு அந்தக் கேள்வியக் கேட்டா இந்தத் தடவை சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார். எவ்வளவு பெருந்தன்மை. மோர் வேண்டுமா என்று கேட்டேன்.

மறுநாள் அதே கூடம், அதே மேஜை, அதே மூன்று பேர். ஹாஜியாருக்கு மட்டும் தாடி முழுக்க நரைத்திருந்தது. அடுத்த அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது, உள்ளே ஒரே ஒரு பேனா உரசிக்கொண்டிருந்தது. இரண்டே கேள்வி கேட்டார்கள். கட்டடத்துக்கு ஓடு மாற்ற வேண்டுமா, மதிய உணவுக் கொட்டகையை எந்தப் பக்கம் போடலாம். நான் தலைமையாசிரியை ஆகிவிட்ட மாதிரியே பேசினார்கள். வீட்டுக்காரர் பெயரை யாரும் கேட்கவில்லை. இப்போது அது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

"சரிம்மா, போகலாம்" என்றார் முதலாளி.

நான் எழுந்து நின்றேன். போகவில்லை. "ஒரு கேள்வி பாக்கி இருக்கு அய்யா. போன தடவை கேட்டீக" என்றேன்.

முதலாளிக்கு நினைவே இல்லை, அது முகத்தில் தெரிந்தது. ஹாஜியாருக்கு நினைவிருந்தது. அவர் குனிந்துகொண்டார்.

வகுப்பில் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் எனக்கு. இனிஷியலோடு சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாக, அவர் பெயரைச் சொன்னேன்.

அடுத்த அறையில் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. குரல் ஆணா பெண்ணா என்றுகூட அவர் காது பார்க்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒரே ஒரு ஆள்தான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டே, கையில் பேனாவோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

"அய்யா, கூப்பிட்டீகளா?"

என் வீட்டுக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

பைலிலிருந்து எடுத்து வந்த இரண்டு காகிதத்தையும், குத்தியிருந்த குண்டூசியோடு மேஜைமேல் வைத்தேன்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றேன். "எனக்கான உத்தரவ எழுதியாச்சா, இல்ல இந்தத் தடவையும் வேற ஆளுக்குத்தானா?"